யார் முதலில் விட்டுக்கொடுத்தது?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஹட்டன் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒவ்வொரு அங்கியும் தன் வம்சம் பெருகத்தான் வாழ்கிறது, இயற்கைத் தேர்வு என்றால் அதுதான் என்று படித்தோம். அப்படியென்றால் இரண்டு வேறு வேறு இனங்கள் எப்படி ஒன்றுக்கொன்று உதவ ஆரம்பித்தன? யார் முதலில் விட்டுக்கொடுத்தது? ஒத்துழைப்பும் இணைக்கூர்ப்பும் ஒரே விஷயம்தானா?”

நடுவில் உள்ள கேள்விக்கு இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: யாருமே இல்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நான் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, முப்பது வருசம் இதே பாடத்தைப் படிப்பித்தவன். வகுப்பில் இதற்கு ஓர் அட்டவணை போடுவோம். இருவருக்கும் நன்மை என்றால் இரண்டு கூட்டல் குறி, ஒருவருக்கு நன்மை மற்றவருக்குத் தீமை என்றால் ஒரு கூட்டல் ஒரு கழித்தல். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தக் குறிகளைப் பார்த்தால் உறவுகள் என்றைக்கும் அப்படியே இருந்தவை போலத் தோன்றும். கழித்தல் எப்போது கூட்டலாக மாறியது, ஏன் மறுபடி மாறவில்லை என்பதை அட்டவணை சொல்லாது. அதனால் அதை மூடிவைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடையோரமாக ஓர் அத்திமரம் நின்றது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சிறு வயதில் ஒன்றைப் பறித்துப் பிளந்தபோது உள்ளிருந்து பொடிப் பூச்சிகள் முகத்தில் பறந்தன. கீழே போட்டுவிட்டு ஓடினேன். அப்பாயி சிரித்துக்கொண்டே, “அத்திப்பழத்தப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழு” என்றார். அவர் சொன்னது பழமொழி. அதற்குள் ஒரு முழு உயிரியல் பாடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய இருபது வருசம் ஆனது. அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அதற்கும் இதே காரணம்தான். அத்தியும் ஆலும் அரசும் பூக்காமல் காய்ப்பவை என்று நினைத்து, பழைய தமிழில் அவற்றுக்குக் கோளி என்று தனிப்பெயரே வைத்தார்கள். உண்மையில் அவை பூக்கின்றன. நாம் காய் என்று சொல்வதே உள்பக்கம் திரும்பிய பூங்கொத்துதான். நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் அதன் உட்சுவரில் இருக்கின்றன.

காயின் நுனியில் செதில்கள் அடைத்த ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாக ஒரு பெண் குளவி முண்டியடித்து நுழைகிறது. கொட்டுகிற குளவி இல்லை, எள்ளை விடச் சிறியது. நுழையும்போதே பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும், அப்புறம் வெளியே வர வழியில்லை. கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளே இருக்கும் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூவில் குஞ்சுக் குளவி வளரும், மற்றப் பூவில் விதை வளரும். சில வாரம் கழித்து ஆண் குளவிகள் முதலில் வெளிவரும். அவற்றுக்குச் சிறகே கிடையாது. இன்னும் பூவுக்குள் அடைந்திருக்கும் பெண்களோடு கூடிவிட்டு, சுவரில் ஒரு சுரங்கம் தோண்டிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பெண்கள் மகரந்தத்தை ஏற்றிக்கொண்டு அந்தச் சுரங்கம் வழியாகப் பறக்கும். அடுத்த மரத்தைத் தேட அவற்றுக்கு இருப்பது ஓரிரண்டு நாள்தான். ஆபிரிக்காவின் நமீபியாவில் ஓர் அத்தி இனத்தின் குளவி 160 கிலோமீற்றர் தூரம் வரை மகரந்தத்தைக் கொண்டுபோயிருக்கிறது.

உலகில் அத்திப் பேரினத்து மரங்கள் 750 இனங்களுக்கு மேல். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு குளவி இனம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று. இந்த உறவு தொடங்கி ஏழு, எட்டுக் கோடி வருசம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரத்தின் வாசம் மாறினால் குளவியின் மூக்கு மாற வேண்டும், துவாரம் குறுகினால் தலை தட்டையாக வேண்டும். இப்படி ஒன்றின் மாற்றம் மற்றதன் மாற்றத்தைத் தூண்ட, அது திரும்ப முதலாவதைத் தூண்டுவதுதான் இணைக்கூர்ப்பு. (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பரிணாமம் என்று இருக்கும், நமக்குக் கூர்ப்பு. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.)

இனி உங்கள் கேள்வியை இந்த மரத்தடியில் வைத்துப் பார்ப்போம். குளவிக்கு மகரந்தம் சுமப்பதால் நேரடி இலாபம் இல்லை. அந்த நேரத்தில் இன்னும் நாலு முட்டை இடலாமே? மகரந்தம் இல்லாமல் வந்து முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போகிற ஏமாற்றுக்காரக் குளவி ஒன்று தோன்றினால், நாளடைவில் அதன் வம்சம்தானே பெருக வேண்டும்? 2010இல் பனாமாவில் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. மகரந்தம் இல்லாத குளவிகளை ஆய்வாளர்களே அத்திக்காய்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். குளவி வேலை மெனக்கெட்டு மகரந்தத்தைப் பூவில் வைக்கிற இனங்களில், மரம் ஏமாற்றப்பட்ட காயை உதிர்த்துவிட்டது, அல்லது அதில் மிகச் சில குஞ்சுகளே பிழைத்தன. மகரந்தம் தானாக உடம்பில் ஒட்டிப் பரவுகிற இனங்களில் மரம் அப்படிப் பழிவாங்கவில்லை. அங்கே ஏமாற்றினாலும் குளவிக்கு மிச்சப்படுவது ஒன்றுமில்லை என்பதால் தண்டனையே தேவைப்படவில்லை. ஆக, விதை பிடிக்காத காய்க்கு மரம் சாப்பாடு போடுவதில்லை, அவ்வளவுதான். அதற்குக் கோபமும் இல்லை, நீதியும் இல்லை. ஆனால் விளைவு தண்டனைதான்.

லயத்தில் சீட்டுப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் இரண்டாவது மாதம் காசு கட்டாமல் இருக்கலாம். ஏன் கட்டுகிறார்? அடுத்த நாள் காலையில் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) அதே முகங்களைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் சந்திக்கிறவர்களுக்குள் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று 1971இல் ரொபேட் ட்ரிவர்ஸும், 1981இல் அக்ஸல்ரொட்டும் ஹமில்டனும் ஆகிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மனிதருக்கும் குரங்குக்கும் அது சரி, ஞாபகம் இருக்கிறது. அத்திமரம் குளவியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஆகவே தாவரங்களிடம் சீட்டுக்கணக்கு வேறு மாதிரி நடக்கிறது. வருகிற இடத்துக்குக் கொடு, வராத இடத்துக்கு நிறுத்து.

நிலைப்பது எப்படி என்பது இது. ஆரம்பம் எப்படி? இங்கேதான் “யார் முதலில் விட்டுக்கொடுத்தது” என்ற கேள்வி வழுக்கிவிடும். பல கூட்டுகள் திருட்டில் தொடங்கியவை, அல்லது எச்சிலில் தொடங்கியவை. ஆதிப் பூக்களுக்கு வந்த வண்டுகள் மகரந்தத்தைத் தின்ன வந்தவை. தின்றது போக உடம்பில் ஒட்டியது அடுத்த பூவுக்குப் போனது. அத்திக் குளவியின் முன்னோரும் பூவைக் குடையும் பூச்சிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். எறும்பும் செதிற்பூச்சியும் அப்படித்தான். கோப்பிச் செடியிலோ கொய்யாவிலோ பச்சைச் செதிற்பூச்சி சாற்றை உறிஞ்சும், அதற்கு வேண்டாத சீனித் தண்ணீரைப் பின்னால் ஒழுகவிடும். முசுறு அதை நக்க வரும், வந்த இடத்தில் பொறிவண்டை விரட்டும். செதிற்பூச்சி எதையும் தியாகம் பண்ணவில்லை, கழிவை வெளியேற்றியது. தனக்குச் செலவே இல்லாத ஒன்று மற்றவனுக்குச் சாப்பாடு ஆகிறது. அதற்குப் பின்னால்தான் கூர்ப்பு அந்த ஒழுக்கைச் சீர்படுத்துகிறது.

இன்னும் முரட்டுத்தனமான தொடக்கமும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் குவாங் ஜியோன் என்ற ஆய்வாளரின் அமீபாக்களுக்கு ஒரு பற்றீரியா தொற்றியது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் (செல்) ஆயிரக்கணக்கில் புகுந்து, பெரும்பாலான அமீபாக்களைக் கொன்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அவர் பிழைத்த சிலவற்றை வருசக்கணக்காகப் பேணி வளர்த்தார். கிட்டத்தட்ட ஐந்து வருசம் கழித்துப் பார்த்தால், அந்த அமீபாவின் கரு (கலத்தின் நடுவிலுள்ள உட்கரு) பற்றீரியா இல்லாமல் வாழ முடியாததாகிவிட்டது. தொற்றில்லாத அமீபாவுக்குள் அந்தக் கருவை வைத்தால் சாகிறது, கூடவே பற்றீரியாவையும் செலுத்தினால் பிழைக்கிறது. கொல்ல வந்தது, இல்லாமல் முடியாததாகிவிட்டது. அமீபா தானே செய்துவந்த ஒரு வேலையை விட்டுவிட்டது, உள்ளே இருந்தவன் அதைச் செய்துகொண்டிருந்ததால். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் ஓர் எச்சரிக்கையும் சேர்ப்பேன். ஒன்றில்லாமல் மற்றது வாழாது என்பதால் மட்டும் அதை நன்மை என்று எழுதிவிடாதீர்கள். சார்ந்திருப்பது வேறு, பயன்பெறுவது வேறு. நம் கலங்களில் இருக்கும் இழைமணியும் (மைற்றோகொண்ட்ரியா), தேயிலைக் கொழுந்தைப் பச்சையாக்கும் பச்சையவுருமணியும் ஒரு காலத்தில் தனியே திரிந்த பற்றீரியாக்கள் என்று லின் மார்குலிஸ் என்ற உயிரியலாளர் 1967இல் எழுதியபோது நம்பாதவர்கள் அதிகம். இன்று அது பாடம்.

அடுத்தது போஞ்சி. நுவரெலியாப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும், ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறம். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பற்றீரியா காற்றின் நைதரசனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றும், செடி அதற்குச் சீனி கொடுக்கும். நைதரசனைப் பிடிப்பது கடும் உழைப்பு. சும்மா இருந்து சீனி தின்றால் என்ன? 2003இல் சோயாவில் ஒரு சோதனை செய்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றி நைதரசன் இல்லாத காற்றை மட்டும் ஓடவிட்டார்கள். பற்றீரியா உழைக்க நினைத்தாலும் முடியாது, கட்டாயச் சோம்பேறி. செடி அந்த முடிச்சுகளுக்கு ஒட்சிசன் போவதைக் குறைத்தது, உள்ளே இருந்த பற்றீரியாவின் பெருக்கம் ஏறக்குறைய பாதியானது. மறுபடியும் அத்தியின் கணக்குதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். யூரியாவை அள்ளிக் கொட்டிய மண்ணில் அதே போஞ்சியைப் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சு குறைவாக இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. மண்ணிலேயே நைதரசன் கிடைத்தால் செடி சீனி செலவழித்துப் பங்காளி வைத்துக்கொள்ளாது. எத்தனை கோடி வருசம் பழகினாலும், தேவை போனால் கூட்டு போய்விடும். 2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று மேடையில் பேசியவர்கள் இருந்தார்கள். லீக்ஸுக்கும் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் வேரில் இந்த முடிச்சுக் கிடையாது. தேயிலை மலையில் இடையிடையே முள்முருங்கையும் கிளிரிசிடியாவும் நட்டது நிழலுக்கு மட்டுமில்லை, அந்த மரங்களுக்கு முடிச்சு உண்டு, வெட்டிப் போட்ட தழையில் நைதரசன் தேயிலைக்குப் போகும். ஆனால் அதுவும் மெதுவாக, வருசக்கணக்கில். அந்த வருசம் நவம்பரிலேயே தடையை எடுக்க வேண்டி வந்தது.

சரி, இப்போது நம் மலையில் இருக்கும் இரண்டு விவசாயிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் பூச்சிகள், இரண்டும் பங்கசு (பூஞ்சை) பயிரிடுகின்றன.

முதலாவது புற்றுக் கறையான். மழை விட்ட மறுநாள் புற்றோரத்தில் வெள்ளைக் காளான் முளைக்கும், நாங்கள் போட்டி போட்டுப் பிடுங்குவோம். இழுத்தால் நீண்ட வேர் போல ஒன்று மண்ணுக்குள் போகும். அது கறையானின் தோட்டம் வரை போகிறது. கறையான் சருகையும் மரத்தையும் தின்று, அரைகுறையாகச் செரித்ததைக் கொண்டு தேனடை போல ஒன்றைக் கட்டும். அதில் பங்கசு வளர்ந்து, கறையானால் செரிக்க முடியாததைச் செரித்துக் கொடுக்கும். இதைப் பேராதனையில் உட்கார்ந்து நுணுக்கமாகப் பார்த்து 1906இல் எழுதியவர் தோமஸ் பெட்ச். பிற்பாடு தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் பணிப்பாளராக இருந்ததும் அவர்தான். கறையான் போய்விட்ட அடையில் வேறு பங்கசுகள் களை போல மண்டுவதையும் அவர் கவனித்தார். அதாவது உள்ளே இருந்தவரைக்கும் கறையான் களையெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் கூட்டு சுமார் மூன்று கோடி வருசத்துக்கு முன் ஆபிரிக்காவில் ஒரே முறை தொடங்கியது. தொடங்கிய பிறகு எந்த வம்சமும் விவசாயத்தை விட்டுத் திரும்பிப் போகவில்லை.

இரண்டாவது, தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த எதிரி. தேயிலைக் கிளையில் ஊசி குத்தியது போல ஓட்டை போடும் வண்டு, துரைமாரின் வாயில் ‘ஷொட் ஹோல் போரர்’. புசல்லாவை, கம்பளை போன்ற நடு உயரத் தோட்டங்களில்தான் இதன் ஆட்டம் அதிகம். கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) முடிந்து கிளை பென்சில் தடிப்புக்கு வரும்போது துளைக்க ஆரம்பிக்கும். கொழுந்து பறிக்கிறவர் சாய்ந்தால் கிளை அந்த இடத்தில் படக்கென்று முறியும். மரத்தைத் தின்கிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது மரத்தைத் தின்பதே இல்லை. பெண் வண்டு தன் தலைக்குள் தாடையருகே இருக்கும் சிறு பைகளில் ஒரு பங்கசைக் கொண்டுவருகிறது. துளைத்த சுரங்கத்தின் சுவரில் அதை விதைக்கிறது, குஞ்சுகள் அந்த விளைச்சலைத் தின்று வளர்கின்றன. அந்தப் பங்கசை முதலில் இனங்கண்டு பெயர் வைத்ததும் நம் நாட்டில்தான், 1947இல், தேயிலை ஆராய்ச்சியாளர்களான கட், லூஸ் இருவரும்.

இந்த இரண்டு விவசாயிகளுக்கும் நடுவில் முக்கியமான வித்தியாசம் ஒன்று. வண்டின் பங்கசு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம் போல நேரே போகிறது. மகள் வாழ்ந்தால்தான் பங்கசுக்கு அடுத்த கிளை, பங்கசு விளைந்தால்தான் மகளுக்குச் சாப்பாடு. இருவர் விதியும் ஒரே கயிற்றில். இப்படிப்பட்ட இடத்தில் ஏமாற்றுவது தன் காலைத் தானே வெட்டுவது, தண்டனை ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கறையானுக்கோ பெரும்பாலான இனங்களில் சீதனம் கிடையாது. புதுப் புற்றின் முதல் தொழிலாளிகள் வெளியே போய், காளானிலிருந்து பரவிய வித்திகளை (விதை போன்ற நுண்துகள்களை) புதிதாகப் பொறுக்கிவர வேண்டும். அந்நியரோடு ஒவ்வொரு தலைமுறையும் புது ஒப்பந்தம். இங்கே ஏமாற்று நுழைய வழி இருக்கிறது. அதை அடைப்பது விதைக்கும் முறைதான். எந்த வகைப் பங்கசு அதிகம் விளைகிறதோ, அதன் வித்திதான் கறையானின் வயிற்றில் அதிகம், அடுத்த அடையிலும் அதுதான் அதிகம். சில சுற்றில் புற்று முழுவதும் ஒரே வகையாகிவிடும். பக்கத்தில் போட்டிக்கு ஆளில்லாதபோது, சாப்பாடாகும் பகுதியைக் குறைத்துவிட்டுத் தன் காரியத்தை மட்டும் பார்க்கும் பங்கசுக்கு மேலோங்க இடமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வண்டும் பங்கசும் அவ்வளவு அருமையான ஒத்துழைப்பு, ஆனால் செலவு முழுவதும் தேயிலையின் தலையில். அதன் நெருங்கிய உறவுக்கார வண்டு ஒன்று 2009இல் இஸ்ரேலில் அவகாடோத் தோட்டங்களில் காணப்பட்டது, கலிபோர்னியாவிலும் அது உண்டு. இருவர் கைகோத்தால் மூன்றாமவனுக்கு ஆகாது என்பது காட்டிலும் உண்டு. ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நல்லது என்று மனசு நினைத்துக்கொள்கிறது, அந்தப் பழக்கத்தை உயிரியல் பாடத்தில் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒத்துழைப்பும் இணைக்கூர்ப்பும் ஒன்றல்ல. ஒன்றில்லாமல் மற்றது இருக்கும்.

இணைக்கூர்ப்பு இல்லாத ஒத்துழைப்புக்கு உங்கள் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கும். நாம் தோட்டத்தில் சவுக்கு என்று சொல்கிற மரம் (தமிழ்நாட்டில் சவுக்கு வேறு) கிரவிலியா, அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அந்தச் செம்மஞ்சள் பூ அங்கேயுள்ள தேனுண்ணிப் பறவைகளோடு பழகி உருவானது. இங்கே அந்தப் பறவை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பூக்கிற காலத்தில் நம் தேன்சிட்டுகள் மரம் முழுக்கத் தொங்குகின்றன. பூவின் பூட்டுக்கு வேறெங்கோ செய்த சாவி பொருந்திவிட்டது. டர்பன்டைன் மரமும் அவுஸ்திரேலியாதான், அது பூத்தால் மலைத்தேனீ வரும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்று பத்திரிகையில் வருகிறதே, பல தடவை அது குளவி இல்லை, இந்தத் தேனீதான். பூக்காலம் பார்த்துக் கூட்டமாக இடம் மாறுவது அதன் பழக்கம். எந்தப் பூவுக்கும் விசுவாசம் கிடையாது.

எதிர்ப்பக்கம் வனிலா. கண்டி, கம்பளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். மெக்சிக்கோவிலிருந்து கொடி வந்தது, பூச்சி வரவில்லை. காலையில் பூக்கிற பூவை அன்றைக்கே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த எளிய முறையை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தது எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். உலக வனிலா வியாபாரமே அவன் விரலில் நின்றது, அவன் ஏழையாகவே செத்தான்.

சிங்கராஜா மழைக்காட்டில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் பலகாலம் பார்த்த கலப்புப் பறவைக் கூட்டங்களையும் இணைக்கூர்ப்பு இல்லாத ஒத்துழைப்பு வரிசையில் சேர்க்கலாம். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினொரு பன்னிரண்டு இனங்கள், நாற்பது பறவைகள். தவிட்டுக்குருவிக் கூட்டம் கிளறிப்போக, அதில் பறக்கும் பூச்சியைக் கொண்டைக் கரிச்சான் பிடிக்கும், பருந்து வந்தால் கரிச்சான் கத்தும். எந்தப் பறவையும் இன்னொன்றுக்காகவே உருவாகவில்லை. இலாபம் இருக்கும்வரை கூட்டம், அப்புறம் அவரவர் மரம்.

ஒத்துழைப்பு இல்லாத இணைக்கூர்ப்பு இன்னும் சாதாரணம். நோயும் நோயாளியும், வேட்டையும் இரையும். 1964இல் ஏர்லிக், ரேவன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இணைக்கூர்ப்பு என்ற சொல்லைப் பரப்பியதே வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கும் அது தின்னும் செடிக்கும் நடக்கிற சண்டையைச் சொல்லித்தான். செடி ஒரு நஞ்சைக் கண்டுபிடிக்கும், புழு அதற்கு முறிவு கண்டுபிடிக்கும், செடி அடுத்த நஞ்சுக்குப் போகும். அந்தச் சண்டையின் பாதியை மட்டும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையே சாட்சி. கோப்பி ஆபிரிக்கச் செடி. அங்கே காட்டு மரங்களின் நிழலில், பல வகை கலந்து, இலைத்துரு நோயோடு இழுபறியாக வாழ்ந்தது. இங்கே ஒரே வகை, மலை மலையாக, நெருக்கி நட்டது. 1869இல் மடுல்சீமையில் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. பத்து வருசம் போய், 1880இல், மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியைக் கூப்பிட்டார்கள். காற்றில் வித்தி பரவுகிறது, ஒரே பயிரை இப்படி நட்டால் தடுக்க எதுவும் இல்லை என்று அவர் காட்டியபோது காரியம் கைமீறியிருந்தது. இரண்டு பத்தாண்டுக்குள் கோப்பிக் காலம் முடிந்து தேயிலைக் காலம் வந்தது. அதே வார்ட் இங்கே இருந்தபோது இலைமேல் வளரும் ஒரு லைக்கனையும் ஆராய்ந்து எழுதினார். அதுவோ பங்கசும் அல்காவும் (பாசி) சேர்ந்து ஓருடம்பாக வாழ்வது. ஒரே ஆள், ஒரே மலை, ஒரு பங்கசு இலையைக் கொல்கிறது, இன்னொன்று பச்சையத்தோடு குடும்பம் நடத்துகிறது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான், பச்சையத்திடமிருந்து சீனி எடுப்பது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் பூச்சிக்கு எதிரான நஞ்சு. இரண்டு செடியும் அதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. கோப்பிப் பூவின் தேனில் கசப்புத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கஃபீன் இருக்கிறது, அதைக் குடித்த தேனீக்கு அந்தப் பூவின் வாசம் அதிக நாள் ஞாபகம் இருக்கிறது. இலையில் நஞ்சு, பூவில் கவர்ச்சி, ஒரே சரக்கு. மனிதன் மாட்டியது இலையிலும் கொட்டையிலும். அந்தக் கசப்புக்காகத்தான் சீனாவின் செடியும் ஆபிரிக்காவின் செடியும் கண்டிச் சீமைக்கு வந்தன, நம் பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். செடிக்கு நல்ல இலாபம், காட்டில் ஒரு மூலையில் நின்றது இலட்சக்கணக்கான ஏக்கரில் நிற்கிறது. துரைக்கும் இலாபம். கொழுந்துக் கூடை சுமந்தவர் பக்கத்தில் கூட்டல் குறி போடுவதா கழித்தல் குறி போடுவதா என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அத்தியை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள், தம்பி. ஹட்டன் உயரத்தில் தேடி அலைய வேண்டாம், கம்பளைக்குக் கீழே ஆற்றோரமாகப் போனால் கிடைக்கும். கீழே விழுந்த பழம் வேண்டாம், அதில் குளவி போயிருக்கும். மரத்தில் இருப்பதில் அப்போதுதான் மென்மையாகத் தொடங்கியதைக் காலையில் பறித்து, வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பிளவுங்கள். கறுப்பாகச் சிறகோடு பறப்பவை பெண்கள். தாளில் விழுந்து, சிறகில்லாமல், வெளிறிய நிறத்தில் சுருண்டு ஊர்பவை இருந்தால் அவைதான் சுரங்கம் தோண்டியவை. ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள்.